முதலில் காற்று

துப்பாக்கிப் பிடி வைத்ததை மட்டும் வாங்கிவிடாதே என்று சொல்லித்தான் வீட்டுக்காரர் அனுப்பியிருக்கிறார். காரின் முன்சீட்டில் சாய்ந்துகொண்டு, வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "டபுள் ஆக்‌ஷன். பாயின்ட் த்ரீ நாசில். கிண்ணம் மேல இருக்கோணும், கீழ பாட்டில் தொங்கறது வேண்டாம். துப்பாக்கி மாதிரி இருக்கறதத் தொட்டே பாக்காத. அதெல்லாம் கை வராதவங்களுக்கு" என்றார். பேச்சு இப்போது வாயின் ஒரு ஓரமாகத்தான் வருகிறது, வருகிற பேச்சில் அதிகாரம் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. கை வராதவங்களுக்கு. சொன்னவருக்கு உறுத்தவில்லை, எனக்குத்தான் உறுத்தியது, கார்க் கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ரோட்டிலேயே நின்றேன். இந்தக் கடை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. படி செங்குத்து. பிடித்துக்கொள்ளக் கம்பி ஒரு பக்கம்தான், அதுவும் அவருக்குக் கை போன பக்கம். அதனால் நான் ஏறி வந்திருக்கிறேன், வாழ்க்கையில் முதல் முறையாக, ஏர்பிரஷ் வாங்க. கண்ணாடி மேசைக்கு அடியில் நாலைந்து படுத்துக்கிடக்கின்றன. பேனா அளவுதான் இருக்கின்றன. இதற்காகவா. பின்னால் காற்றுக் குழாயை மாட்டினால் முன்னால் பெயின்ட்டைப் புகையாக ஊதும் ஒரு பேனா, இதற்காகவா என் வீட்டில் ஒரு அறையே போயிற்று என்று குனிந்து குனிந்து பார்க்கிறேன். கடைக்காரர் இளவயதுதான், பேர் சபரி என்று சட்டையில் குத்தியிருக்கிறது. "மொத ஏர்பிரஷ்ஷுங்களாக்கா?" என்று கேட்கிறார். முதல்தான் தம்பி, இருபது வருஷமாக முதல்தான் என்று சொல்ல வாய் வருகிறது, சொல்லவில்லை. "ஆமாங்க. வீட்டுக்காரருக்கு" என்கிறேன்.

சபரி ஒவ்வொன்றாக எடுத்து வெல்வெட் துணிமேல் வைக்கிறார், நகைக்கடையில் வைப்பது போல. "இது சிங்கிள் ஆக்‌ஷனுங்க்கா. அழுத்துனா காத்தும் பெயின்ட்டும் ஒண்ணா வந்துரும். இது டபுள் ஆக்‌ஷன். கீழ அழுத்துனா காத்து மட்டுந்தான். அழுத்தினபடியே பின்னால இழுத்தீங்கன்னா அப்பத்தான் பெயின்ட் வரும். எவ்வளவு இழுக்கறமோ அவ்வளவு." இதெல்லாம் எனக்குத் தெரியும் என்று சபரிக்குத் தெரியாது. தோசை ஊற்றும்போது கேட்டிருக்கிறேன், காய்ச்சலில் படுத்திருந்தபோது கேட்டிருக்கிறேன், வீட்டுக்காரருடைய பம்ப் கம்பெனி ஆட்கள் வீட்டுக்கு வந்து சோபாவில் மாட்டிக்கொண்டு முழித்தபோது காப்பித் தட்டோடு நின்று கேட்டிருக்கிறேன். நாசில், அந்த முனைத் துளை, பாயின்ட் டூவா பாயின்ட் த்ரீயா என்று அவர் பேச ஆரம்பித்தால் வந்தவர்கள் வாட்சைப் பார்ப்பார்கள். டேங்க் இல்லாத கம்ப்ரசர் வாங்கினால் காற்று விட்டு விட்டு வரும். காற்றில் இருக்கிற ஈரத்தைப் பிடிக்க ஒரு குடுவை வேண்டும். புகை வெளியே போக ஃபேன் வைத்த பெட்டி வேண்டும், அதற்குப் பேர் பூத். மூக்குக்கு மாஸ்க் வேண்டும். எல்லாம் தெரிந்த மனுஷர். எதுவும் வாங்காத மனுஷர். "மொதல்ல வாங்கறத சரியா வாங்கோணும் சுகந்தி. தப்பா வாங்கிட்டா காலத்துக்கும் அதோட மல்லுக்கட்டோணும்" என்பார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு மட்டும் அந்த யோசனையெல்லாம் எங்கே போயிருந்ததோ, காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் சரி என்று தலையாட்டிவிட்டார். ஒரு பெண்டாட்டியை எடுக்க அரை டம்ளர் காப்பி போதும், ஒரு ஏர்பிரஷ் எடுக்க ஆயுசு போதவில்லை. "பெயின்ட்ட பால் பதத்துக்குக் கரைக்கோணுங்க்கா" என்கிறார் சபரி. எந்தப் பால் என்று கேட்கலாம் போலிருக்கிறது. பச்சைப் பாக்கெட்டா, நீலப் பாக்கெட்டா. அதைக்கூட எங்கள் வீட்டுக்காரர் ஒரு மாசம் யோசிப்பார்.

அந்த அறை. மகள் தாரிணிக்கு என்று கட்டிய அறை அது. அவள் பத்தாவதும் பன்னிரண்டாவதும் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படித்தாள், ஏனென்றால் அறையில் பெட்டிகள் இருந்தன. விமானம், டாங்கி, கப்பல், எல்லாம் சின்னச் சின்ன மாடல்கள், துண்டு துண்டாக உள்ளே இருக்கும், ஒட்டி, பெயின்ட் அடித்து, அலமாரியில் வைக்க வேண்டும். அவர் எதையும் ஒட்டவில்லை. பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்கவில்லை. பிரஷ்ஷில் அடித்தால் கோடு கோடாகத் தெரியுமாம், பச்சையும் பழுப்பும் ஒன்றில் ஒன்று கரைகிற இடம் ஏர்பிரஷ்ஷில்தான் வருமாம், அதனால் ஏர்பிரஷ் வரும்வரை பெட்டியைத் திறப்பது பாவம். ஏர்பிரஷ் வாங்கலாமே என்றால் கம்ப்ரசர் முடிவாகவில்லை. கம்ப்ரசர் வாங்கலாமே என்றால் பூத் வைக்க இடம் இல்லை. பூத்தை ஜன்னலோரம் வைக்கலாமே என்றால் ஜன்னலைத் திறந்தால் பெட்டிப் படங்கள் வெயிலில் வெளுத்துவிடும், அதனால் ஜன்னலுக்குப் பழுப்புக் காகிதம் ஒட்டியிருக்கிறது. அந்த அறையில் பகலிலும் லைட் போட வேண்டும். தூசி தட்டுவது மட்டும் என் வேலை. மஞ்சள் துணி, ஈரம் கூடாது, மூலை மடங்கக் கூடாது, அடுக்கு மாறக் கூடாது. தட்டி முடித்ததும் அவர் வந்து நின்று பார்ப்பார். "இது ரெண்டாவதா இருந்துச்சு, மூணாவதா வெச்சிருக்கே. தொடத் தெரியாட்டித் தொடாத" என்பார். தொடாத. இந்த ஒரு சொல்லை அவர் என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. தாரிணி வேலைக்கு என்று பூனா போனபோது பஸ்ஸில் ஏறும் முன் என்னிடம் சொன்னாள், "அம்மா, அந்தப் பெட்டியெல்லாம் ஒரு நாள் கறையான் தின்னா எனக்கு ஃபோன் பண்ணு, ஸ்வீட் வாங்கி எல்லாருக்கும் குடுக்கறேன்." நான் அவளை அதட்டினேன். அதட்டும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது.

கறையான் வரவில்லை, போன ஆடியில் வேறொன்று வந்தது. குளித்துவிட்டு வந்து சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் மூன்றாவது பொத்தானில் நின்றுவிட்டார். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், சொன்னது சொல்லாக இல்லை. ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரோக் என்றார்கள். கால் பாதி வந்துவிட்டது, பேச்சு முக்கால்வாசி வந்துவிட்டது, வலது கை வரவில்லை. பொத்தான் இப்போது நான்தான் போடுகிறேன். கார் ஓட்டுகிறேன், இந்த வயதில் எல் போர்டு மாட்டி, அவிநாசி ரோட்டில் பஸ்காரன் திட்டத் திட்டக் கற்றுக்கொண்டேன். பிசியோதெரபிக்கு வருகிற பெண் நிவேதா நல்ல பெண். அவருக்கு எதிரில், "பிடிச்ச வேல எதாவது கைக்குக் குடுங்கப்பா, தானா வரும்" என்று சிரித்தாள். அவர் உடனே, ஒரு நொடி யோசிக்காமல், "ஏர்பிரஷ்" என்றார். இருபது வருஷம் யோசித்தவர். கேட்டுக்கு வெளியே நிவேதா ஸ்கூட்டரில் சாவியைப் போட்டுக்கொண்டே என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னாள், "விரல் நுணுக்கமெல்லாம் இனிமே வர்றது கஷ்டங்க்கா. டம்ளர் பிடிச்சா பெரிசு. அவருக்கு இப்ப சொல்லாதீங்க." அன்றிலிருந்து இது என் வயிற்றில் கிடக்கிறது. சொல்லக் கூடாது, ஆனால் வாங்கித் தர வேண்டும். வாங்கித் தந்தால் ஒரு நாள் பிடித்துப் பார்ப்பார், முடியாது, அழுவார். இப்போதெல்லாம் அவர் அழுவதும் சிரிப்பதும் ஒரே மாதிரி இருக்கிறது, முகம் ஒரு பக்கம் மட்டும் நடுங்கும், எது என்று கண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு அந்த அழுகை பயம். அது ஒரு பயம். இன்னொரு பயம் இருக்கிறது, அதை யாரிடமும் சொல்ல முடியாது. கை வந்துவிட்டால், எல்லாம் பழையபடி ஆகிவிட்டால், அந்தப் பழைய மனுஷர் திரும்பி வந்து கதவோரம் நின்று இது ரெண்டாவதா இருந்துச்சு என்பார். இப்படி நினைக்கிறவளை என்னவென்று சொல்வது. ராத்திரியும் பகலும் அவருக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற கையும் இதே கைதான்.

"சாரையே மேல வரச் சொல்லுங்கக்கா. கையில புடிச்சுப் பாத்து எடுக்கறது நல்லது" என்கிறார் சபரி. "கீழ ஃபோன் பேசிட்டிருக்காருங்க" என்கிறேன். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது. பெரிய ஆபீசர், கீழே காரில் உட்கார்ந்துகொண்டு பெண்டாட்டியை அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளட்டும், அதில் என்ன குறைந்துவிட்டது. "வாரண்டிக்குப் பேர் சொல்லுங்கக்கா." சொல்கிறேன், தெய்வசிகாமணி. எழுதப் போனவர் பேனாவை நிறுத்துகிறார். "பம்ப் கம்பெனி டிசைன்ல இருந்த சாருங்களா? ஒல்லியா, பாக்கெட்டுல எப்பவும் ரெண்டு பேனா?" ஆமாம் என்று தலை தானாக ஆடுகிறது. சபரிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிடுகிறது. "அந்த சாருங்களா! சனிக்கிழம சாயங்காலமானா வந்துருவாருங்க்கா. எங்கப்பா கடையில உக்காந்திருந்த காலத்துலருந்து வாராரு." சனிக்கிழமை சாயங்காலம் அவர் ரேஸ்கோர்ஸில் நடக்கப் போவார். கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு போவார். வியர்க்காமல் திரும்பி வருவார், காற்று நல்லா அடிச்சுது என்பார், நான் கொள்ளு ரசம் வைத்துக் கொடுப்பேன், நடந்த மனுஷனுக்கு உடம்பு வலிக்குமே என்று. "வந்தா நான் கிண்ணத்துல தண்ணி மட்டும் ஊத்திக் குடுத்துருவேன். பெயின்ட் ஊத்தட்டுங்களா சார்னா வேண்டாம்பாரு. தப்பாப் போச்சுன்னா அழிக்க முடியாது தம்பிம்பாரு. காலிப் பெட்டி அட்டையத் திருப்பிப் போட்டு கோடு இழுப்பாரு பாருங்க, நூலு மாதிரி. கடைசியா அவரு கையெழுத்தப் போடுவாரு. தண்ணியில. அது காயற வரைக்கும் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பாரு. காஞ்சதும் அடுத்த வாரம் எடுத்துக்கறேன் தம்பின்னு எந்திருச்சுப் போயிருவாரு. இப்படி ஒரு கைய நான் பாத்ததே இல்லீங்க்கா."

உட்கார ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று பார்க்கிறேன், இருக்கிறது, அவர் உட்கார்ந்த ஸ்டூலாகத்தான் இருக்கும், உட்காரவில்லை. வேறொருத்தி வீட்டுக்குப் போயிருந்தால்கூட இவ்வளவு கசந்திருக்காது. அதில் ஒரு ஆசையாவது இருந்திருக்கும், ஒரு துணிச்சலாவது இருந்திருக்கும். இது என்ன. கை இருந்திருக்கிறது. கையில் வித்தை இருந்திருக்கிறது. சும்மா பேசுகிற ஆள், வீண் ஜம்பம் என்று நானும் தாரிணியும் சமையலறையில் குசுகுசுவென்று சிரித்தோமே, அப்படி இல்லை, நிஜமாகவே வந்திருக்கிறது அவருக்கு. வந்ததைத் தண்ணீரில் எழுதி, காயவிட்டு, வியர்க்காமல் வீட்டுக்கு வந்து ரசம் குடித்திருக்கிறார். பெயின்ட் ஊற்றினால் தப்புத் தெரியும். தப்பு ஒன்று தெரிந்துவிட்டால் அப்புறம் அவர் தெய்வசிகாமணி இல்லை, சாதாரண ஆள். வாங்காதவரைக்கும் அவரை விடக் கெட்டிக்காரன் இந்தக் கோயம்புத்தூரிலேயே கிடையாது. அந்த ஒரு கெட்டிக்காரனைக் காப்பாற்ற நாங்கள் ரெண்டு பேர் ஹாலில் கிடந்தோம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது, கீழே இறங்கிப் போய்க் கார்க் கதவைத் திறந்து கேட்க வேண்டும் போலிருக்கிறது, யாரிடம் கேட்பது. அந்தக் கையெழுத்து. போன மாசம் பேங்கில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று கவுன்டரில் இருந்த பெண் தயங்கித் தயங்கி மை டப்பாவை நகர்த்தினாள். அவருடைய இடது கட்டைவிரலை நான்தான் பிடித்து மையில் உருட்டி வைத்தேன். அவர் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்போது பாவம் என்று நினைத்தேன். இப்போதும் பாவமாகத்தான் இருக்கிறது, அதுதான் சனியன், ஆத்திரத்தை முழுசாகப் படவும் முடியவில்லை.

"ரொம்ப நாளாக் காணமேன்னு நெனச்சேனுங்க்கா. நல்லாருக்காருங்களா?" என்று சபரி கேட்கிறார். நல்லாருக்கார் என்று சொல்லத்தான் வாயைத் திறக்கிறேன். "அவருக்கு வலது கை வராதுங்க தம்பி. ஸ்ட்ரோக். இனிமே வராதுங்கறாங்க" என்று வந்துவிடுகிறது. இவ்வளவு நாளில் இதைச் சத்தமாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. இனிமேல் வராது என்பதைத் தாரிணியிடம்கூடச் சொல்லவில்லை, முன் பின் தெரியாத ஒரு கடையில், ஒரு ஃபேனுக்கு அடியில் நின்று சொல்லியிருக்கிறேன். சபரி வெல்வெட் துணியில் இருந்த டபுள் ஆக்‌ஷனை ஓரமாக நகர்த்திவிட்டு, உள்ளேயிருந்து இன்னொன்றை எடுத்து வைக்கிறார். துப்பாக்கிப் பிடி. "அப்ப இதுதாங்க்கா. இடது கையில புடிச்சு, ரெண்டு மூணு விரலச் சேத்து விசைய இழுத்தாப் போதும். கொஞ்சம் இழுத்தா காத்து, இன்னும் இழுத்தா பெயின்ட். சாருக்கு இருக்கற கண்ணுக்கு ரெண்டு மாசத்துல புடிச்சுக்குவாரு." சரியான யோசனை. நல்ல மனசோடு சொன்ன யோசனை. இதைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பெட்டியைப் பார்த்ததுமே புரிந்துவிடும், இவள் மேலே போய்ச் சொல்லிவிட்டாள், கை வராது என்று இவளுக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அந்த முகத்தை நான் காரில் வைத்து வீடுவரை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். டபுள் ஆக்‌ஷனைக் கொண்டுபோய் வைத்தால் இன்றைக்குச் சந்தோஷம். நாளைக்கோ நாளை மறுநாளோ அவரே கண்டுபிடிப்பார், தனியாக, அந்த லைட் போட்ட அறையில். எதை வாங்கினாலும் அழுகைதான், இன்றைய அழுகையா நாளைய அழுகையா என்று நான் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். எனக்கு வாய்த்த ஷாப்பிங் இது.

"நான் ஒரு தரம் புடிச்சுப் பாக்கலாமுங்களா?" என்று கேட்கிறேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை, நேரம் கடத்த என்றுதான் நினைக்கிறேன். சபரி டபுள் ஆக்‌ஷனைக் குழாயில் மாட்டுகிறார், கம்ப்ரசர் மேசைக்கு அடியில் உறுமத் தொடங்குகிறது. கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றப் போகிறார். "தண்ணி வேண்டாமுங்க. பெயின்ட்டே ஊத்துங்க" என்கிறேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நீலத்தைக் கரைத்து நாலு சொட்டு விடுகிறார். ஒரு காலிப் பெட்டியை எடுத்து மூடியைச் சர்ரென்று கிழித்து, உள்பக்கத்து வெள்ளை மேலே தெரியும்படி வைக்கிறார். அந்த மூடியின் படத்தை நான் பார்த்துவிட்டேன், பச்சையும் பழுப்புமாக மேகத்துக்குள் சாய்கிற விமானம், எங்கள் வீட்டில் மேல் அடுக்கில் நாலாவதாக இருக்கிறது, அதன் மூலை மடங்கிவிட்டது என்று அவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. இங்கே கிழிக்கிறார்கள். ஆள்காட்டி விரலை விசைமேல் வைக்கிறேன். அழுத்துகிறேன், காற்று வருகிறது, குளிர்ச்சியாக, ஒன்றுமில்லாமல். இழுக்கிறேன். பொட்டென்று ஒரு குளம் விழுந்து எட்டுக்கால் பூச்சியாகக் கால் பரப்புகிறது. "நெறைய இழுத்துட்டீங்க்கா. இன்னொண்ணு, நிறுத்தும்போது சட்டுனு விட்டுட்டீங்க. எல்லாரும் பண்ற தப்பு. முன்னால தள்ளி பெயின்ட்ட மூடுங்க, அப்பறம் காத்த விடுங்க. மொதல்லயும் காத்து, கடைசியிலயும் காத்து." சரி. காற்று. மெல்ல இழுக்கிறேன், ஒன்றும் வரவில்லை, இன்னும் கொஞ்சம், வருகிறது. ஒரு நீலம், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நீலம். கையை நகர்த்துகிறேன், கோடு நகர்கிறது. தள்ளி மூடுகிறேன், காற்று, விடுகிறேன். இன்னொரு கோடு. இது நடுங்குகிறது. அடுத்தது கொஞ்சம் குறைவாக நடுங்குகிறது. அட்டையிலிருந்து தூரமாகப் பிடித்தால் புகை, கிட்டே கொண்டுபோனால் நூல். ஃபேன் சத்தம் கேட்கவில்லை, ரோட்டுச் சத்தம் கேட்கவில்லை. கீழே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கு மறந்துபோயிருக்கிறது. எவ்வளவு நேரம் மறந்தேன் என்று தெரியாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படி மறந்ததில்லை. தப்பான கோடெல்லாம் அட்டையில் அப்படியே இருக்கின்றன, யாரும் வந்து நின்று பார்க்கவில்லை, ஒன்றும் முழுகிப்போகவில்லை. "பரவால்லியேக்கா" என்கிறார் சபரி. வியாபாரத்துக்குச் சொல்கிறாரோ, நிஜமாகச் சொல்கிறாரோ, இருக்கட்டும். என் பேரில் முதல் எழுத்தைப் போட்டுப் பார்க்கிறேன், சு, வளைவில் பெயின்ட் தேங்கிவிட்டது, இருந்தாலும் சு தான் அது.

ஃபோன் அடிக்கிறது. அவர்தான். "என்ன பண்றே இவ்வளவு நேரம்? எது எடுத்தே?" இடது கையில் ஃபோன், வலது கையில் ஏர்பிரஷ், கீழே வைக்க மனசு வரவில்லை. "பாத்துட்டிருக்கேனுங்க." "டபுள் ஆக்‌ஷன்தான? அந்தக் கடக்காரன் எதாவது சொன்னான்னு துப்பாக்கியத் தூக்கிட்டு வந்துராத." குரல் ஃபோனில் வெளியே கேட்கிறது, சபரி பழைய வாடிக்கைக்காரரின் அந்தக் குழறலைக் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு துணியை மடிக்கிறார். "நீங்க சொன்னதேதானுங்க எடுக்கறேன்" என்கிறேன். "அதான் சரி" என்று வைத்துவிட்டார். சபரி நிமிர்கிறார். "அக்கா, சாரால இத அழுத்தி இழுக்க முடியாதுங்களே." "தெரியுமுங்க தம்பி." "அப்பறம் யாருக்குங்க்கா?" நான் கம்ப்ரசர், டேங்க் வைத்தது, ஒன்று எடுத்து வைக்கச் சொல்கிறேன், ஒரு மாஸ்க், ஒரு நீலம், ஒரு பச்சை, ஒரு பழுப்பு. பூத் வேண்டாம். விலையை அவர் சொல்கிறார், கார்டை நீட்டுகிறேன். நான் கோடு போட்ட அந்த அட்டையையும் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொள்கிறேன். கம்ப்ரசரைத் தானே தூக்கிக்கொண்டு வருவதாகச் சொல்கிறார் சபரி, சாரையும் ஒரு தரம் பார்த்த மாதிரி இருக்கும் என்கிறார். "வேண்டாமுங்க. நானே எடுத்துட்டுப் போயிருவேன்" என்கிறேன். இந்தக் கடையில் இருக்கிற தெய்வசிகாமணி அந்தக் கையோடேயே இருக்கட்டும். இவ்வளவு ஆத்திரத்திலும் அதை மட்டும் நான் அவருக்குச் செய்துவிடுகிறேன், ஏன் என்று என்னைக் கேட்டால் தெரியாது. படியில் கம்ப்ரசர் முழங்காலில் இடிக்கிறது, ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று இறங்குகிறேன்.

காருக்குள் வெயில் நிரம்பியிருக்கிறது. கம்ப்ரசரைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டு, ஏர்பிரஷ் இருக்கிற சின்னப் பெட்டியை அவர் மடியில் வைக்கிறேன். இடது கையால் மூடியைத் திறக்க எவ்வளவு நேரமாகிறது, உதவிக்குப் போனால் முறைக்கிறார், நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போகிறவர்களையும் வருகிறவர்களையும் பார்க்கிறேன். திறந்துவிட்டார். இடது கையால் எடுத்து வலது கையின் சுருண்ட விரல்களுக்குள் அதை நுழைக்கிறார். ஆள்காட்டி விரலைப் பிரித்து விசைமேல் வைக்கிறார். விரல் அங்கே இருக்கிறது. அவர் அதையே பார்க்கிறார். நான் பயந்த அழுகை இதோ, இங்கேயே, பகல் வெளிச்சத்தில், ரோட்டில். விரல் ஒன்றும் செய்யவில்லை. "வெயிட்டு சரியா இருக்கு" என்கிறார். எடுத்துப் பெட்டியில் வைத்து மூடுகிறார். "பூத்து எங்க?" "வாங்கலீங்க." "பூத்து இல்லாம எப்படி அடிக்கறது? வீடெல்லாம் பெயின்ட் புகையாயிரும். பூத்து வரட்டும். எல்லாம் வந்து சேரட்டும், அப்பறம் அடிக்கலாம். என்ன அவசரம். இத அப்படியே மேல் அடுக்குல வெய்யி. நீ தொட்டுக்கிட்டு இருக்காத." அந்தக் குரல். ஸ்ட்ரோக் வந்த நாளிலிருந்து கேட்காத ஒரு நிம்மதி அந்தக் குரலில். அவருக்குத் தெரியும். கை வராது என்று அவருக்கு எப்போதோ தெரியும். பூத் வரவே வராது. பெட்டி மேல் அடுக்கில் இருக்கும், நான் மஞ்சள் துணியால் துடைப்பேன், வருகிறவர்களிடம் அவர் பேசுவார், இன்னும் இருபது வருஷம். நான் சொல்லத் தேவையே இல்லாமல் எல்லாரும் தப்பித்துவிடலாம். சரிங்க என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"பூத்து வேண்டாமுங்க. ஜன்னல்ல ஒட்டியிருக்கற காகிதத்தக் கிழிச்சுட்டு, வெளிய பாத்து அடிச்சாப் போதும்" என்கிறேன். "யாரு அடிக்கறது?" "நான். நாலாவதா இருக்கற விமானத்த நாளைக்குப் பிரிக்கப் போறேன்." அவர் திரும்பி என்னைப் பார்க்கிறார். சீட் பெல்ட்டை மாட்டுகிறேன், அது இரண்டு தடவை வழுக்குகிறது. "உனக்கு என்ன தெரியும்" என்கிறார். "மொதல்ல காத்து. அப்பறந்தான் பெயின்ட். நிறுத்தும்போது பெயின்ட்ட மூடிட்டுத்தான் காத்த விடோணும்." "அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்கிறார், சட்டென்று, பழைய வேகத்தில், குழறாமல். "உங்களுக்குத் தெரியுமுங்க. எனக்கு வருது" என்கிறேன். அவர் முகத்தின் ஒரு பக்கம் நடுங்க ஆரம்பிக்கிறது, அழுகிறாரா சிரிக்கிறாரா, கண்ணைப் பார்த்தால் தெரியும், நான் பார்க்கவில்லை. இடது கை பெட்டியை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பெட்டியை எடுத்துப் பின்சீட்டில் என் கைப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வண்டியைக் கிளப்புகிறேன்.